ஹீரோகுவெஸ்ட்டைப் பிள்ளைகளோடு ஆடத் தொடங்குவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

"கதவைத் திறக்கட்டுமாப்பா?" என்று மகள் கேட்டாள். அவள் எதிரே இருந்தது விரலளவு உயரமுள்ள ஒரு அட்டைக் கதவு. அதற்கு அப்பால் வெறும் கட்டங்கள். அங்கே ஒன்றும் இல்லை என்பது அவள் கண்ணுக்கே தெரியும். ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டாள். தம்பி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "திற" என்றேன். அந்த வெற்று அறையில் முதலில் ஒரு மேசையை வைத்தேன், அப்புறம் அதன் இரு பக்கமும் காப்ளின் என்ற குட்டி அரக்கப் பொம்மைகள் இரண்டை வைத்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் இந்தப் பெட்டியை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். பிள்ளைகளை அந்தக் கதவு வரைக்கும் சீக்கிரமாகக் கொண்டுபோவது எப்படி, திறந்த பிறகு அந்தச் சுவை கெடாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்டீபன் பேக்கர் வடிவமைத்த ஹீரோகுவெஸ்ட் என்ற பலகை விளையாட்டை மில்டன் பிராட்லி நிறுவனம் கேம்ஸ் வொர்க்‌ஷாப்புடன் சேர்ந்து 1989-இல் பிரிட்டனில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்குப் போனது. ஒருவர் தீய மந்திரவாதியாக இருந்து நிலவறையையும் அதிலுள்ள அரக்கர்களையும் நடத்துவார். அமெரிக்கப் பதிப்பில் அவர் பெயர் சார்கான், பிரிட்டன் பதிப்பில் மார்கார். மற்றவர்கள் நான்கு வீரர்களாக உள்ளே நுழைவார்கள். பெட்டியோடு வரும் புத்தகத்தில் 14 சாகசங்கள் உண்டு. ஹாஸ்ப்ரோ தன் அவலான் ஹில் பெயரில் 2021-இல் புதுப்பதிப்பு கொண்டுவந்தது. ஆட்டம் ஏறக்குறைய அதேதான், பொம்மைகள் மட்டும் மாறியிருக்கின்றன. பழைய பெட்டியில் இருந்த ஃபிமிர் என்ற ஒற்றைக்கண் அரக்கர்கள் புதியதில் கிடையாது.

படி 1: முதலில் நீங்கள் மட்டும் பெட்டியைத் திறங்கள்

பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதைக் கொஞ்சம் அடக்குங்கள். பரண் மேலிருந்து இறங்கும் பழைய பெட்டியில் எது இருக்கும், எது இருக்காது என்று சொல்ல முடியாது. ஒரு மாலை நேரத்தில் தனியாக உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். பழைய பதிப்பில் மொத்தம் 35 உருவங்கள்: வீரர்கள் 4, அரக்கர்கள் 31. அது போக மேசை, அலமாரி, புதையல் பெட்டி, கல்லறை போன்ற சாமான்கள். அவற்றின் மேல் செருகும் குட்டி மண்டையோடுகளும் எலிகளும்தான் முதலில் காணாமல் போகும். அவை இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும்.

வளைந்துபோன வாள்களைச் சரிசெய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. நல்ல சூடான தண்ணீரில் சில நொடி முக்கி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்திப் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். இதைப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள்.

சண்டைப் பகடை தொலைந்துபோயிருந்தால் கவலைப்படவே வேண்டாம். அதன் ஆறு முகங்களில் மூன்றில் மண்டையோடு, இரண்டில் வெள்ளைக் கேடயம், ஒன்றில் கறுப்புக் கேடயம். மண்டையோடு என்றால் அடி, வெள்ளைக் கேடயம் வீரர்களின் தடுப்பு, கறுப்புக் கேடயம் அரக்கர்களின் தடுப்பு. சாதாரணப் பகடையை எடுத்து 1, 2, 3 விழுந்தால் மண்டையோடு, 4, 5 வெள்ளை, 6 கறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். முடிந்தால் முகங்களில் சிறு ஒட்டுத்தாள் ஒட்டிப் படம் வரைந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு எண்ணைவிட மண்டையோடு பிடிக்கும்.

இன்னொரு விஷயம், இதில்தான் பலர் குழம்புகிறார்கள். எத்தனை அடி தாங்கலாம் என்பதைச் சொல்வது உடல் புள்ளி. பிரிட்டன் பதிப்பில் எல்லா அரக்கர்களுக்கும் அது ஒன்றே ஒன்றுதான், ஒரு அடி சரியாக விழுந்தால் போதும். அமெரிக்கப் பதிப்பில் பெரிய அரக்கர்களுக்கு இரண்டு, மூன்று என்று இருக்கும். உங்கள் கையில் அமெரிக்கப் பதிப்பு இருந்தாலும் சிறு பிள்ளைகளோடு ஆடும்போது பிரிட்டன் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். சண்டை இழுக்காது, கணக்கு எழுத வேண்டியதில்லை, அரக்கனைப் பலகையிலிருந்து எடுத்து ஓரமாக வைக்கும் சந்தோஷம் அடிக்கடி கிடைக்கும்.

படி 2: வீரர்களைப் பிரித்துக் கொடுப்பது

நான்கு வீரர்கள்: பார்பேரியன் (முரட்டு வீரன்), குள்ளன், எல்ஃப் (கூர்காது கொண்ட கற்பனை இனத்தவன்), மந்திரவாதி. உடல் புள்ளி முறையே 8, 7, 6, 4. மனவலிமையைக் காட்டும் மனப் புள்ளி 2, 3, 4, 6. அடிக்கும்போது பார்பேரியனுக்கு 3 பகடை, குள்ளனுக்கும் எல்ஃபுக்கும் 2, மந்திரவாதிக்கு 1. தடுக்கும்போது எல்லோருக்கும் 2.

இந்த எண்கள் பிள்ளைகளின் மனநிலையை எப்படி மாற்றும் என்று தெரிந்துகொண்டால் பாதி அழுகையைத் தவிர்க்கலாம். மண்டையோடு விழும் வாய்ப்பு சரிபாதி. அரக்கர்களுக்குக் கறுப்புக் கேடயம்தான் கணக்கு, அது ஆறில் ஒன்று. காப்ளின் ஒரு பகடையால்தான் தடுக்கும். ஆக, பார்பேரியன் ஒரு காப்ளினை அடித்தால் நூற்றுக்கு 81 முறை அது விழும். மந்திரவாதி அடித்தால் 42 முறைதான். மந்திரவாதியைப் பிடித்திருக்கும் ஆறு வயதுப் பிள்ளை மூன்று முறை அடித்து மூன்று முறையும் தவறவிட்டால், அது அவனுக்கு ஆட்டத்தின் கணக்காகத் தெரியாது. தனக்கு விளையாடத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வான்.

அதனால் சின்னவருக்குப் பார்பேரியன், வாசிக்கத் தெரிந்த பெரியவருக்கு மந்திரவாதி. மந்திர அட்டைகளை வாசிக்க வேண்டும், எப்போது செலவழிப்பது என்று யோசிக்க வேண்டும், அது பெரிய பிள்ளைக்குப் பிடித்த வேலை. இரண்டு பேர்தான் ஆடுகிறார்கள் என்றால் ஆளுக்கு இரண்டு வீரர்களைக் கொடுங்கள். நான்கு பேரும் உள்ளே போவதாக எண்ணித்தான் சாகசங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டே வீரர்களை அனுப்பினால் பாதி வழியிலேயே முடிந்துவிடும்.

மந்திரங்கள் மொத்தம் 12. காற்று, நெருப்பு, நீர், நிலம் என்று நான்கு கட்டு, கட்டுக்கு மூன்று. மந்திரவாதி முதலில் ஒரு கட்டை எடுப்பார், அடுத்து எல்ஃப் ஒன்று, மிச்சம் இரண்டும் மந்திரவாதிக்கு. ஒவ்வொரு மந்திரமும் ஒரு சாகசத்தில் ஒரு தடவைதான். நீரிலும் நிலத்திலும் காயம் ஆற்றும் மந்திரம் ஒவ்வொன்று இருக்கிறது. அதில் ஒரு கட்டு எல்ஃபிடம் போகும்படி மெல்ல யோசனை சொல்லுங்கள். காப்பாற்றும் சக்தி இரண்டு பேர் கையிலும் இருந்தால், "நீ ஏன் என்னைக் காப்பாற்றவில்லை?" என்ற சண்டை வராது.

வீரருக்குப் பெயர் வைக்கச் சொல்ல மறக்காதீர்கள். வீரர் தாளில் அதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். பெயர் வைத்த பிறகு அது பொம்மையாக இருப்பதில்லை.

படி 3: விதிகளை வாசிக்காதீர்கள்

முதல் தடவை நான் விதிப் புத்தகத்தை ஆரம்பத்திலிருந்து விளக்கினேன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மகன் எழுந்து போய்விட்டான். தப்பு என்னுடையது. எனக்கு அந்த விதிகளோடு முப்பது வருட நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவனுக்கு அது வெறும் பேச்சு.

தொடங்குவதற்கு முன் மூன்று விஷயம் சொன்னால் போதும். உன் முறை வந்தால் இரண்டு சிவப்புப் பகடையை உருட்டி அத்தனை கட்டம் வரை நகரலாம். நகர்வதற்கு முன்போ பின்போ ஒரு காரியம் செய்யலாம்: அடிக்கலாம், மந்திரம் போடலாம், தேடலாம். கதவைத் திறப்பதற்குக் காரியம் எதுவும் செலவாகாது. அவ்வளவுதான். "சரி, இதோ படிக்கட்டு, நீங்கள் இங்கேதான் நிற்கிறீர்கள்" என்று ஆரம்பித்துவிடுங்கள்.

அடிப்பது எப்படி என்பதை முதல் காப்ளின் முன்னால் நிற்கும்போது சொல்லுங்கள். தேடுவது எப்படி என்பதை அறை காலியான பிறகு சொல்லுங்கள், அரக்கன் இருக்கும் அறையில் புதையல் தேட முடியாது என்பது அப்போது தானாகப் புரியும். பொறிகளைப் பற்றி யாராவது ஒருவர் குழிக்குள் விழுந்த பிறகு பேசிக்கொள்ளலாம். ஒரு உடல் புள்ளிதான் போகும், ஆனால் அந்த ஒரு புள்ளி சொல்லிக்கொடுப்பதை நாம் அரை மணி நேரம் பேசியும் சொல்லிக்கொடுக்க முடியாது. அடுத்த அறையில் பாருங்கள், குள்ளனைத்தான் முன்னால் அனுப்புவார்கள். பொறிகளைச் செயலிழக்க வைப்பதில் அவன் கெட்டிக்காரன்.

நகரும் பகடையில் 2 விழுந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு முகம் வாடும். சராசரி 7 என்று நாம் சொல்லி என்ன பயன்? எங்கள் வீட்டில் 5-க்குக் குறைவாக விழுந்தால் 5 என்றே எடுத்துக்கொள்கிறோம். பகடையையே எடுத்துவிட்டு நிலையான எண் வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. உருட்டுவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சுகத்தை ஏன் பறிக்க வேண்டும்?

படி 4: முதல் சாகசத்துக்கு முன் ஒரு குட்டிச் சாகசம்

புத்தகத்தின் முதல் சாகசத்தில் வெராக் என்ற கார்காயிலை, அதாவது சிறகுள்ள பெரிய அரக்கனை, தேடிக் கொல்ல வேண்டும். வீரர்களுக்கான சோதனை என்று பெயர். உண்மையிலேயே சோதனைதான். கார்காயில் 4 பகடையால் அடிக்கும், மந்திரவாதிக்கு மொத்தமே 4 உடல் புள்ளி. கடையில் ஆயுதம் வாங்கக் கையில் தங்கமும் இல்லாத நேரம். அனுபவமுள்ளவர்களே இங்கே ஆள் இழப்பார்கள். புதிதாக வரும் பிள்ளைகளை நேராக இதில் இறக்கிவிடாதீர்கள்.

நான் செய்தது இது. பலகையின் ஒரு மூலையில் மூன்று அறைகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் அறையில் மேசையும் இரண்டு காப்ளின்களும். இரண்டாவதில் புதையல் பெட்டி மட்டும், அரக்கன் யாரும் இல்லை. பெட்டியில் 50 தங்கக் காசு, வாசலுக்கு முன்னால் ஒரு குழி. மூன்றாவதில் கல்லறை, அதன் பின்னால் ஒரு எலும்புக்கூடு, பக்கத்தில் ஆர்க் என்ற அரக்கன் ஒன்று. கல்லறைக்குள் ஒரு சாவி, அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குத் திரும்பினால் வெற்றி. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சண்டை, தேடல், பொறி, திரும்பி ஓடுவது என்று எல்லாமே அதற்குள் வந்துவிட்டன. முடிந்ததும் "இன்னொரு தடவை" என்று கேட்டார்கள். கேட்கும்போதே நிறுத்திவிட்டேன். ஆசை மிச்சமிருக்கும்போது எழுந்தால்தான் மறுநாள் அவர்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

அதன்பின் வெராக்கைப் பார்க்கப் போகலாம். அப்போதும் பயமாக இருந்தால் ஆளுக்கு ஒரு காயமாற்றும் மருந்து கொடுத்து அனுப்புங்கள். நீளமாகத் தெரிந்தால் இரண்டு மாலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பலகையை அப்படியே ஒரு மேசைமேல் விட்டுவைக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

படி 5: சார்கானாக உட்காருவது

இதுதான் நீளமான பகுதி, ஏனென்றால் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டம் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும், வரைபடத்தை மறைக்கும் அட்டைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பொறுத்துத்தான்.

சார்கானின் கையில் சாகசப் புத்தகம் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, எங்கே யார் ஒளிந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு மட்டும் தெரியும். பலகை காலியாகவே தொடங்கும். வீரர் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதை மட்டும்தான் நீங்கள் எடுத்து வைக்க வேண்டும். இதை அவசரப்பட்டுச் செய்யாதீர்கள். கதவு திறந்தவுடன் எல்லாப் பொம்மைகளையும் அள்ளிக் கொட்டினால் அந்த அறை செத்துவிடும். முதலில் வாயால் சொல்லுங்கள்: "உள்ளே ஒரே இருட்டு. ஈர வாடை. மூலையில் ஏதோ உரசுகிற சத்தம்." அப்புறம் சாமான்களை வையுங்கள், கடைசியாக அரக்கர்களை. ஒரு பொம்மை வைத்துவிட்டு, பெட்டிக்குள் கையை விட்டு இன்னொன்றைத் தேடுங்கள். அந்தத் தேடலின்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

நீங்கள் எதிரி ஆட்டக்காரர்தான், ஆனால் ஜெயிப்பதற்காக ஆடக்கூடாது. எல்லா ரகசியமும் தெரிந்த பெரியவர் தன் முழுத் திறமையைக் காட்டினால் எந்தப் பிள்ளையும் தாக்குப்பிடிக்காது. அதற்காகப் பகடையை மறைத்து உருட்டி விழுந்ததை மாற்றிச் சொல்லவும் வேண்டாம். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அன்றோடு ஜெயித்ததெல்லாம் பொய்யாகிவிடும். பகடையை எப்போதும் எல்லோர் முன்னாலும் உருட்டுங்கள். விட்டுக்கொடுப்பதை அரக்கர்களின் புத்தியில் விட்டுக்கொடுங்கள். காப்ளின் 10 கட்டம் ஓடக்கூடியது, சுற்றிப் போய் மந்திரவாதியைப் பின்னாலிருந்து தாக்கலாம். ஆனால் அது காப்ளின், அதற்கு அவ்வளவு மூளை வேண்டாம். கண்முன்னே நிற்கும் பார்பேரியன்மேல் பாயட்டும். எலும்புக்கூடு நேராக நடந்து வந்து முதலில் எதிர்ப்படுகிறவரை அடிக்கட்டும். ஆர்க் தலைவனோ அரக்கர் பக்கத்து மந்திரவாதியோ வந்தால் மட்டும் தந்திரமாக ஆடுங்கள். பிள்ளைகள் அந்த வித்தியாசத்தைத் தாங்களே கவனித்து, "இவன் மத்தவன் மாதிரி இல்லை" என்பார்கள்.

உடல் புள்ளி தீர்ந்தால் வீரர் சாக வேண்டும் என்பது விதி, உடனே குடிக்க மருந்தோ காயமாற்றும் மந்திரமோ இருந்தால் ஒழிய. பெயர் வைத்து வளர்த்த வீரரை ஆறு வயதுப் பிள்ளையிடமிருந்து அப்படிப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எங்களுக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டோம்: விழுந்தவர் பொம்மையைப் படுக்க வைப்போம். இன்னொரு வீரர் பக்கத்துக் கட்டத்துக்கு வந்து தன் ஒரு காரியத்தைச் செலவழித்தால், ஒரு உடல் புள்ளியோடு எழுந்து நிற்பார். நான்கு பேருமே விழுந்தால்தான் தோல்வி. இந்த விதி வந்த பிறகு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று நடந்தது. அதுவரை தங்கத்தின் மேலேயே கண்ணாக இருந்த மகள், ஒரு சாகசத்தில் திறக்காத புதையல் பெட்டியை விட்டுவிட்டு, தம்பியின் பார்பேரியன் விழுந்து கிடந்த அறைக்கு ஓடினாள். பகடையில் 8 விழ வேண்டியிருந்தது, 9 விழுந்தது. அவன் அக்காவைக் கட்டிக்கொண்டான்.

தங்கம் என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். புதையல் தேடினால் மேலிருந்து ஒரு அட்டை எடுக்க வேண்டும். தங்கம் வரலாம், மருந்து வரலாம், ஆபத்து வரலாம், எங்கிருந்தோ ஒரு அரக்கன் வந்து அந்த இடத்திலேயே அடிக்கவும் செய்யலாம். அரக்கன் அட்டையும் ஆபத்து அட்டையும் மறுபடி கட்டுக்குள்ளேயே போய்விடும் என்பதால், தேடத் தேட அவை வரும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பேராசையா, நிதானமா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு விவாதம் வரும், அதைக் கேட்டுக்கொண்டிருப்பதே சுகம். பங்கு பிரிக்கும் சண்டை வந்தாலும் ஐந்து நிமிடம் தலையிடாமல் இருங்கள்.

பயந்த சுபாவமுள்ள பிள்ளை இருந்தால் மம்மியையும் ஜாம்பியையும் முன்கூட்டியே கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையில் பிடித்துப் பார்த்த பொம்மை அவ்வளவு பயமுறுத்தாது.

படி 6: சாகசங்களுக்கு இடையில்

கொண்டுவந்த தங்கத்தில் ஆயுதமும் கவசமும் வாங்கலாம். இதைச் சாகசம் முடிந்த களைப்பில் செய்யாமல் மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடை அட்டைகளைப் பரப்பி வைத்தால் கூட்டல் கழித்தல் தானாக நடக்கும். மந்திரவாதிக்குப் பெரும்பாலான ஆயுதங்களும் கவசங்களும் ஒத்துவராது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், காசு சேர்த்து வைத்துவிட்டு ஏமாறக் கூடாது. அவருடைய தங்கத்தை மற்றவர்களுக்கு மருந்து வாங்கத் தருவாரா என்பது அவர் விருப்பம்.

புதுப்பதிப்புக்கென்று ஒரு செயலி இருக்கிறது. சார்கானின் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், நீங்களும் ஒரு வீரராகப் பிள்ளைகள் பக்கம் நிற்கலாம். நல்ல வசதிதான். ஆனால் முதல் சில சாகசங்களையாவது நீங்களே நடத்துங்கள் என்பது என் கருத்து. இருட்டில் உரசும் சத்தத்தை அப்பாவோ அம்மாவோ சொல்லிக் கேட்பது வேறு.

படி 7: திரையை அவர்களிடம் கொடுப்பது

நான்கைந்து சாகசம் ஆனதும் பிள்ளைகள் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். அதுதான் நேரம். பலகையின் கட்டங்களை ஒரு தாளில் வரைந்து பல படிகள் எடுத்துக் கொடுங்கள். பலகை 26-க்கு 19 கட்டம், ஒரு முறை கவனமாக வரைந்தால் போதும். காப்ளினுக்கு ஒரு குறி, கதவுக்கு ஒரு குறி, குழிக்கு ஒரு குறி என்று அவர்களே முடிவு செய்யட்டும். மூன்று அறைக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள், பரவாயில்லை.

மகள் வரைந்த முதல் நிலவறையில் ஒரே அறைக்குள் எட்டு ஆர்க்குகள் இருந்தன. நான் குள்ளன், மகன் வழக்கம்போல் பார்பேரியன், மற்ற இருவரையும் பங்கு போட்டுக்கொண்டோம். நடைபாதையின் கடைசியில் ஒரு கதவு. மகள் திரைக்கு மேலாக எங்களைப் பார்த்தாள், கையில் ஏதோ ஒரு பொம்மையை மறைத்துப் பிடித்திருந்தாள். எது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் இந்தப் பலகையின் முன்னால் எனக்கு அப்படி நெஞ்சு படபடத்ததே இல்லை.

"உள்ளே ஒரே இருட்டு" என்றாள். "திறக்கப்போகிறீர்களா?"